143 உள்கட்டளைகளை எப்படித் தொகுதிகளாகப் பிரிப்பது? (ஜாயின் என்னைக் கவிழ்த்த கதை)

சல்லடை எழுதியது:

மூன்று ஆண்டுகளாக மாலை நேரங்களில் ஒரு சிறிய ஷெல் மொழியை (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் மொழி) உருவாக்கிவருகிறேன். கோ என்ற நிரல்மொழியில் எழுதுகிறேன். உருப்படியான பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. அலுவலகத்தில் "உங்கள் ஷெல்" என்றுதான் சொல்கிறார்கள். என்னையும் சேர்த்து ஒன்பது பேர் பயன்படுத்துகிறோம். பொழுதுபோக்காகத் தொடங்கியது, இன்று மாதச் சம்பளப் பட்டியலே அதன் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதில் 143 உள்கட்டளைகள், அதாவது ஷெல்லுக்குள்ளேயே பொதிந்த கட்டளைகள், இருக்கின்றன. எல்லாம் ஒரே அட்டவணையில், எந்தப் பிரிவும் இல்லாமல். தேநீர் நேரத்தில் யாராவது "இதற்கு ஒரு கட்டளை இருந்தால் தேவலை" என்பார்கள். அன்றிரவே ஒன்றைச் சேர்த்துவிடுவேன். கேட்டவுடன் கொடுப்பது பெருமையாகத்தான் இருந்தது, போன மாதம் வரை.

போன மாதம் சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒட்டுவதற்கு ஜாயின் என்ற கட்டளையைச் சேர்த்தேன். யூனிக்ஸில் அதே பெயரில் ஒரு நிரல் காலங்காலமாக இருக்கிறது: வரிசைப்படுத்திய இரண்டு கோப்புகளை ஒரு பொதுப் புலத்தை வைத்து இணைத்துத் தரும். கணக்குப் பிரிவில் ஒருவர் வருகைக் கோப்பையும் சம்பளக் கோப்பையும் பணியாளர் எண்ணை வைத்து அதில்தான் இணைத்துவந்தார். புதிய பதிப்பை நிறுவிய மறுநாள் அவருடைய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு) என் ஜாயினை அழைத்தது. என் ஜாயின் என்ன செய்தது? இரண்டு கோப்புப் பெயர்களையும் வெறும் சரங்களாக எடுத்துக்கொண்டு, நடுவில் ஓர் இடைவெளி விட்டு, ஒரே வரியாக அச்சிட்டது. வெளியேறும் குறி சுழியம், அதாவது "எல்லாம் நலம்". பட்டியல் காலியாக வந்தது. பிழைச் செய்தி எங்கும் இல்லை. அவர் அரை நாள் தன் கோப்புகளிலேயே குற்றம் தேடியிருக்கிறார். எனக்கு அதுதான் வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே இந்த அடிப்படைக் கட்டளை நூலகத்தைத் தொகுதிகளாகப் பிரித்தே தீர வேண்டும். எதை வெளியே வைப்பது, எதை உள்ளே தள்ளுவது? பிரிப்பது தரவு வகையின்படியா, செய்யும் வேலையின்படியா? தொகுதிப் பெயருக்கும் கட்டளைப் பெயருக்கும் நடுவே என்ன குறி போடுவது? பழைய ஸ்கிரிப்ட்களை என்ன செய்வது? பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

குழாயடி எழுதியது:

வெட்கப்பட வேண்டாம், இது எல்லாரும் விழுந்த பள்ளம். மற்ற மொழிகளில் ஒரு செயற்கூறுக்குப் பெயர் வைத்தால் அது அந்த மொழிக்குள் மட்டும்தான் மோதும். ஷெல்லில் அப்படி இல்லை. கட்டளைப் பெயர் என்பது வட்டில் கிடக்கும் ஆயிரக்கணக்கான நிரல்களோடு பங்குபோட்டுக்கொள்ளும் இடம். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு வெறும் பெயரும் அதே பெயருள்ள வெளி நிரலைப் பின்னால் மறைத்துவிடும். ஜாயின் மட்டுமா? ஸ்பிளிட் என்றும் ஒரு பழைய நிரல் உண்டு, பெரிய கோப்பைத் துண்டு போடும். கட், சார்ட், ஃபைண்ட், டேட், இன்ஸ்டால் என்று சரங்களுக்கும் பட்டியல்களுக்கும் ஆசைப்படத் தக்க பெயர்கள் எல்லாம் எப்போதோ பட்டா போடப்பட்டுவிட்டன.

எல்விஷ் ஷெல் தொடக்கத்தில் இதிலிருந்து தப்பிக்க ஜாயின்ஸ், ஸ்பிளிட்ஸ், ரிப்ளேசஸ் என்று கடைசியில் ஓர் 'ஸ்' சேர்த்துப் பார்த்தது. நினைவில் நிற்காத பெயர்கள். பிறகு அவற்றை ஸ்டிர் என்ற சரத் தொகுதிக்கு மாற்றினார்கள். இன்று ஸ்டிர்:ஜாயின், ஸ்டிர்:ஸ்பிளிட் என்றுதான் எழுதுகிறோம். ஃபிஷ் ஷெல் வேறு வழியில் போனது. 2016-இல் வந்த 2.3 பதிப்பில் ஸ்டிரிங் என்ற ஒரே உள்கட்டளையைச் சேர்த்து, ஜாயின், ஸ்பிளிட், ட்ரிம், மேட்ச் எல்லாவற்றையும் அதன் துணைக்கட்டளைகளாக்கினார்கள். அட்டவணையில் செலவானது ஒரு பெயர். அதைத் தொகுதி என்று அவர்கள் அழைப்பதில்லை, ஆனால் வேலை அதுதான்.

நடுக் குறிக்கு என் வாக்கு முக்காற்புள்ளிக்கு. ஒற்றைப் புள்ளி வேண்டவே வேண்டாம், எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 போலப் புள்ளி வைத்த நிரல்கள் உண்மையிலேயே இருக்கின்றன. இடைவெளி (ஃபிஷ், நுஷெல் வழி) கண்ணுக்கு இதம், டேப் விசையை அழுத்தினால் பட்டியலும் ஒழுங்காக வரும். ஆனால் ஒரு தொகுதியைச் சுருக்கப் பெயரில் கொண்டுவர நினைத்தால் அங்கே கை கட்டப்படும்.

எதை வெளியே வைப்பது என்பதற்கு அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். கடுகும் சீரகமும் அடுப்புக்குப் பக்கத்தில். மல்லி மூட்டை உள்ளறையில். ஊகித்துப் பிரிக்காதீர்கள். ஒன்பது பேருடைய கட்டளை வரலாற்றுக் கோப்புகளையும் வாங்கி எண்ணுங்கள். கட்டளை வரியில் கையால் தட்டச்சு செய்வது வெளியே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் கோப்பில் மட்டும் வருவது தொகுதிக்குள் போகட்டும். கோப்பகம் மாற்றும் சிடி போன்றவற்றுக்கு இந்தக் கேள்வியே இல்லை. ஷெல்லின் சொந்த நிலையை மாற்றுபவை எப்படியும் உள்ளே, வெறும் பெயரில் இருந்தாக வேண்டும்.

---

இரவுக்காவல் எழுதியது:

குழாயடி சொன்னதோடு ஒன்று. தொகுதி என்று பிரித்தால் மட்டும் போதாது. ஏற்றும்போது அது பெயர்களை எங்கே கொட்டுகிறது என்பதுதான் முக்கியம். நான் சூடுபட்டது இசட் ஷெல்லில்.

அதில் இசட்எஸ்எச்/ஃபைல்ஸ் என்று ஒரு தொகுதி இருக்கிறது. ஆர்எம் (அழிப்பது), எம்வி (நகர்த்துவது), எம்கேடிர் (கோப்பகம் உருவாக்குவது) ஆகியவற்றை ஷெல்லுக்குள்ளேயே தரும். ஒரு கோப்பகத்தில் லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள் சேர்ந்து, அழிக்கப் போனால் "தரவுருப் பட்டியல் நீளம் அதிகம்" என்று வழக்கமான ஆர்எம் மறுத்தது. உள்கட்டளைக்கு அந்த வரம்பு கிடையாது என்பதால் ஸ்கிரிப்ட்டின் தலையில் அந்தத் தொகுதியை ஏற்றினேன். அழிப்பு பிரமாதமாக நடந்தது. அதே ஸ்கிரிப்ட்டில் நாற்பது வரி தள்ளி, தற்காலிகக் கோப்பகத்திலிருந்து அறிக்கையை வேறொரு வட்டுக்கு நகர்த்தும் எம்வி ஒன்று இருந்தது. அது நின்றுவிட்டது. வழக்கமான எம்வி வட்டு மாறினால் நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிக்கும். இந்தத் தொகுதியின் எம்வி வட்டு விட்டு வட்டு தாண்டவே தாண்டாது. கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான் ஆர்எம்முக்காகக் கதவைத் திறந்தேன், எம்வியும் கூடவே உள்ளே வந்துவிட்டது.

இதை எழுதியவர்களுக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் இசட்எஃப்_ என்று முன்னொட்டு போட்ட இன்னொரு பெயரும் உண்டு. ஏற்றும்போது அந்தப் பெயர்களை மட்டும் கேட்டு வாங்கலாம். இசட்எஸ்எச்/ஸ்டாட் தொகுதியிலும் இதே கதை: ஸ்டாட் என்ற வெளி நிரலோடு மோதாமல் இருக்க இசட்ஸ்டாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது கையேடு. ஆனால் கவனமாக இருப்பவன்தான் கேட்டு வாங்குவான். அவசரத்தில் இருப்பவன் முழுவதையும் ஏற்றுவான், என்னைப் போல. சல்லடை, உங்கள் மொழியில் இது தலைகீழாக இருக்கட்டும். தொகுதியை ஏற்ற யூஸ் என்று எழுதினால் முன்னொட்டோடுதான் வரவேண்டும். வெறும் பெயர் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

---

நடைவண்டி எழுதியது:

தொகுதிப் பெயர் மோதலைத் தடுப்பதற்கு மட்டும் அல்ல, பொருளைச் சொல்வதற்கும்தான். உங்கள் 143-இல் "நீளம்" என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன? நம் கணக்கில் த, மி, ழ் என மூன்று எழுத்து. யூனிகோடு குறியெண்களாக எண்ணினால் ஐந்து. யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) பைட்டுகளாக எண்ணினால் பதினைந்து. பாஷ் ஷெல்லிடம் கேட்டால் யூடிஎஃப்-8 அமைப்பில் 5 என்கிறது. மொழி அமைப்பை 'சி' என்று மாற்றிவிட்டுக் கேட்டால் அதே பாஷ் 15 என்கிறது. நீங்கள் கோவில் எழுதுவதால் அதன் லென் செயற்கூற்றை நேராகப் போட்டிருந்தால் உங்களுடையதும் 15-தான் சொல்லும். ஸ்டிர்:நீளம், பைட்:நீளம் என்று இரண்டு வைத்தால் எழுதுகிறவனே எதை எண்ணுகிறோம் என்று யோசித்துத்தான் ஆக வேண்டும்.

வகையா வேலையா என்ற கேள்விக்கும் எல்விஷைப் பாருங்கள். பாதைப் பெயரை வெறும் எழுத்தாகக் கையாள்பவை (கடைசிப் பகுதியை எடுப்பது, இரண்டைச் சேர்ப்பது) பாத் தொகுதியில். வட்டைத் தொடுபவை (கோப்பகம் உருவாக்குவது, அழிப்பது) ஓஎஸ் தொகுதியில். கோப்பைத் திறப்பது, திறந்த கோப்பை வைத்துச் செய்பவை போன்றவை ஃபைல் தொகுதியில். கோ மொழியின் நூலகப் பிரிவுகளோடு பழகிய உங்களுக்கு இது உடனே பிடிபடும். மூன்றையும் "கோப்பு" என்று ஒரே சாக்கில் கட்டியிருந்தால், எது வட்டில் கை வைக்கும், எது வைக்காது என்று ஒவ்வொரு முறையும் கையேட்டைத் திறக்க வேண்டியிருக்கும்.

"யூட்டில்" என்று மட்டும் ஒரு தொகுதி வைக்காதீர்கள். அது பரண். ஏற்றுவது சுலபம், இறக்குவார் இல்லை.

ஏற்றும் நேரத்தையும் பாருங்கள். நுஷெல்லின் அடிப்படை நூலகம் நுஷெல் மொழியிலேயே எழுதப்பட்டது. முதலில் மொத்தத்தையும் ஏற்றுவதுதான் வழக்கம், தொடக்கம் மந்தமாக இருந்தது. பிறகு எஸ்டிடி/லாக், எஸ்டிடி/அசெர்ட் என்று தேவையான துண்டை மட்டும் எடுக்கும்படி பிரித்தார்கள். பவர்ஷெல் 2012-இல் வந்த 3.0 முதல், கட்டளையை அழைத்தால் அதன் தொகுதியைத் தானே தேடி ஏற்றிக்கொள்கிறது. கட்டளை வரியில் அது சுகம்தான். கோப்பிலோ, முதல் பத்து வரியைப் படித்தால் எது எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டும் என்பது என் பிடிவாதம்.

---

பழையபாஷ் எழுதியது:

எல்லாரும் எங்கே அடுக்குவது என்று பேசுகிறீர்கள். 143 எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. 'ஆக்', 'செட்' என்ற பழைய உரை நிரல்கள் செய்கிற வேலையை மறுபடி எழுதி வைத்தவை எத்தனை என்று முதலில் பாருங்கள், தம்பி. பாதி தானாக உதிரும்.

பழைய ஸ்கிரிப்ட்களுக்கு: வெறும் பெயர்களை ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒரு பதிப்பு முழுக்க வேலை செய்யட்டும், ஆனால் "இது இன்ன தொகுதிக்குப் போய்விட்டது" என்று கோப்பு பெயரும் வரி எண்ணும் சேர்த்து எச்சரிக்கட்டும். ஜாயினுக்கு மட்டும் விதிவிலக்கு. அதை இன்றே எடுங்கள். தவறான விடையைச் சரியென்று சொல்கிற கட்டளைக்கு அவகாசம் கொடுக்கக் கூடாது.

---

சல்லடை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஜாயினை நேற்றிரவே எடுத்துவிட்டேன். கணக்குப் பிரிவு நண்பர் "என் ஜாயின் எனக்கு வந்தால் போதும், மற்றதை எப்படியோ செய்துகொள்ளுங்கள்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

வரலாற்றுக் கோப்புகளை எண்ணினேன். ஒன்பது பேரும் கையால் தட்டச்சு செய்தவை 143-இல் 31 மட்டுமே. 58 ஸ்கிரிப்ட்களில் மட்டும் வருகின்றன. மீதி 54-ஐ யாருமே தொட்டதில்லை, கேட்டு வாங்கியவர்கள் உட்பட! பழையபாஷ் ஐயா, உங்கள் கணக்கு கிட்டத்தட்ட சரி. தேநீர் நேரத்தில் கேட்பவர் எல்லாம் பயன்படுத்துபவர் அல்ல என்று மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டேன்.

முக்காற்புள்ளி, முன்னொட்டோடு மட்டும் ஏற்றம், ஸ்டிர், பைட், பாத், ஓஎஸ், பட்டியல், நேரம் என்று ஆறு தொகுதிகள். "நீளம்" என்னிடம் 15 என்றுதான் சொன்னது, நடைவண்டி. யாரும் இதுவரை புகார் செய்யவில்லை என்பது ஆறுதலா அவமானமா தெரியவில்லை.

ஒன்று மட்டும் எங்கும் அடங்கவில்லை. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் உள்ள கோப்புகளை யூனிகோடாக மாற்றும் கட்டளை. ஸ்டிர் தொகுதியில் வைக்கலாம் என்றால், உள்ளே வருவது சரமே அல்ல, பைட்டுகள். பைட் தொகுதியில் வைக்கலாம் என்றால் வெளியே போவது சரம். தவிர, திஸ்கியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் கிடக்கும், யூனிகோடில் பின்னால் வரவேண்டும். அந்த இடமாற்றத்துக்கே எண்பது வரி எழுதியிருக்கிறேன். குறியாக்கம் என்று ஏழாவதாக ஒரு தொகுதியைத் திறக்கவா?

---

பழையபாஷ் எழுதியது:

திறக்க வேண்டாம். லினக்ஸில் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்ற குறியாக்க மாற்றி திஸ்கியை ஏற்கெனவே படிக்கும், கொம்பையும் இடம் மாற்றித் தரும். ஒரு கோப்பை எடுத்து இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். விடை ஒன்றாக வந்தால் அந்த எண்பது வரியையும் அந்த 54-ஓடு சேர்த்துவிடுங்கள்.