5டபிள்யூ-30 ஊற்றுவதா, 20டபிள்யூ-50 ஊற்றுவதா?

குழு: கொருக்குப்பேட்டை வீடு
ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 9:12
அனைவருக்கும் வணக்கம். வண்டியை சர்வீஸுக்காக மூலக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டிருக்கிறேன். 2014ஆம் ஆண்டு பெட்ரோல் வண்டி; 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்னை வெயிலுக்கும் இத்தனை ஓட்டத்துக்கும் கெட்டி ஆயில்தான் சரிப்படும், 20டபிள்யூ-50 ஊற்றிவிடுகிறேன் என்கிறார் மெக்கானிக். வண்டியோடு வந்த கையேட்டிலோ 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. பழைய ஆயிலை இன்னும் இறக்கவில்லை. பதினொரு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். பெரியப்பா, ஆயில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர் நீங்கள். நான் என்ன சொல்லட்டும்?

சித்தப்பா (எண்ணூர்), காலை 9:20
மெக்கானிக் சொல்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிய காலம் முழுவதும் என் டிரெய்லருக்குக் கெட்டி ஆயில்தான் ஊற்றினோம். எஞ்சின் ஒருநாளும் வழியில் நின்றதில்லை. ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழவென்று நிற்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடுகிற ஆயில் இந்த வெயிலை எப்படித் தாங்கும்?

பெரியப்பா, காலை 9:43
கண்ணா, கையேட்டில் உள்ளதையே ஊற்றச் சொல். காரணம் நீளமானது, பொறுமையாகப் படி.

டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண், உறைபனியில் எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு இளகி வழிவிடும் என்பதைச் சொல்கிறது: 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிப்பார்கள், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில். அந்தக் குளிர் எந்த மார்கழியிலும் நம் ஊருக்கு வரப்போவதில்லை. நீ கவனிக்க வேண்டியது பின்னால் வரும் எண்ணை. ஆயில் 100 டிகிரி சூட்டில் இருக்கும்போது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. கூடத்தில் நாங்கள் செய்தது இதைத்தான்: 100 டிகிரியில் நிலையாக வைத்த தொட்டிக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாயை நிறுத்தி, இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணிக் கணக்கிடுவோம். 30 என்ற கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை; ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு அது. 50 என்ற கிரேடு 16.3 முதல் 21.9 வரை. உன் மெக்கானிக் சொல்லும் ஆயில் நடுவில் 40 கிரேடு முழுவதையும் தாண்டிப் போய்விடுகிறது.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சினுக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. ஊட்டியில் ஓட்டினாலும் தண்டையார்பேட்டையில் ஓட்டினாலும் சூடேறிய எஞ்சினின் கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, அது ஏறக்குறைய 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். ஆகவே வெளியே அடிக்கும் 40 டிகிரி வெயில், நாம் அஞ்சுகிற அளவுக்கு உள்ளே போய்ச் சேருவதில்லை.

நான், காலை 9:50
புரிகிறது, பெரியப்பா. ஆனாலும் கெட்டியாக இருந்தால் உலோகத்தின்மேல் நிற்கும் ஆயில் படலம் தடிமனாகத்தானே இருக்கும்? அது எஞ்சினுக்குக் கூடுதல் பாதுகாப்பு இல்லையா?

பெரியப்பா, காலை 10:08
எல்லோரும் இடறும் இடம் அதுதான். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடுக்கில் ஆயில் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் வழுக்க வைப்பதோடு அங்கே பிறக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் அதன் வேலை. அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயிலை பம்ப் தள்ளும்போது அழுத்தம் ஏறி, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்து, ஒரு பகுதி ஆயில் மேலே போகாமலே அடித்தொட்டிக்குத் திரும்பிவிடும். அழுத்தம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், ஓட்டம் குறைந்திருக்கும். வால்வு நேரத்தை மாற்றும் பொறிகள் உள்ள எஞ்சின்களில் நுண்ணிய துளைகள் வழியாக ஆயில் போக வேண்டும் என்பதால் அங்கேயும் தாமதம் வரும். மைலேஜ் குறைவது தனிக்கணக்கு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நமக்கு இதமாக இருக்கும் காலை 28 டிகிரி எஞ்சினுக்குக் குளிர்தான். ஆயில் 100 டிகிரியில் வேலை செய்வதற்காக ஆன பொருள். 40 டிகிரியில் அளந்தால் 20டபிள்யூ-50 ஆயில் பொதுவாக 5டபிள்யூ-30 ஆயிலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். நீயோ தினமும் வண்ணாரப்பேட்டை வரை போய்த் திரும்புகிறாய். ஆயில் முழுச்சூடு ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறாய். ஆகவே உன் வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தக் கெட்டி நிலையிலேயே கழிக்கும்.

அதற்காக இன்னும் நீர்த்த 0டபிள்யூ-16 ஊற்றிவிடாதே. அதற்கென்று வடிவமைக்காத எஞ்சினில் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும்.

சித்தப்பா (எண்ணூர்), காலை 10:15
அண்ணா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் ஏசி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்கும் வண்டியின் நிலையை எந்தக் கையேடு எழுதியவர் பார்த்தார்? என் டிரெய்லர் அனுபவம் பொய்யா?

பெரியப்பா, காலை 10:24
பொய்யே இல்லை, தம்பி. அந்த டீசல் எஞ்சின் கெட்டி ஆயிலுக்காகவே செய்யப்பட்டது. நீ ஊற்றியது அதற்கு உரிய ஆயில்தான். நெரிசல் பற்றிக் கேட்டது மிகச் சரியான கேள்வி. சூடேறிய எஞ்சின் ஐட்லிங்கில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடியபடி, நிற்கும்போதுதான் பம்ப் மெதுவாகச் சுழலும், ஆயிலும் இளகியிருக்கும். அழுத்தம் மிகக் குறையும் நேரம் அது. அதனால்தான் பல கையேடுகள் ஒரே கிரேடைச் சொல்லி நிறுத்தாமல், வெளி வெப்பநிலைக்கு ஏற்ப எதுவரை போகலாம் என்று ஓர் அட்டவணையும் கொடுக்கின்றன. கண்ணா, உன் கையேட்டில் அது இருக்கிறதா என்று பார். நெரிசலில் ஆயில் விளக்கு எப்போதாவது மினுக்கியதா? ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு ஆயில் குறைகிறது?

அக்கா (மணலி), காலை 10:26
பெரியப்பா, எங்கள் 2021 டீசல் வண்டிக்கும் இந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் போதுமா?

பெரியப்பா, காலை 10:29
போதாது அம்மா. உன்னுடையது பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி. புகைபோக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். ஆயிலில் உள்ள சில சேர்மங்கள் எரிந்து சாம்பலாகி அதை அடைத்துவிடும், அந்தச் சாம்பல் மறுபடி எரிந்து போகாது. கையேட்டில் ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம்) சி2, சி3 என்பதுபோல ஒரு தரக் குறியீடு இருந்தால், டப்பாவிலும் அதே குறியீட்டைத் தேடு. கிரேடு பொருந்திக் குறியீடு பொருந்தாவிட்டால் அதை வாங்காதே.

நான், காலை 10:37
அட்டவணை இருக்கிறது, பெரியப்பா. 5டபிள்யூ-30 முதன்மையானது என்றும், வெப்பமான இடங்களில் 10டபிள்யூ-40 வரை ஊற்றலாம் என்றும் போட்டிருக்கிறது. 50 என்ற எண்ணே அதில் இல்லை. விளக்கு மினுக்கியதில்லை. போன சர்வீஸிலிருந்து 8,000 கிலோமீட்டர் ஓடியதில் அரை லிட்டர்போலக் குறைந்திருக்கிறது.

பெரியப்பா, காலை 10:42
இந்த ஓட்டத்துக்கு அது கவலைப்படும் குறைவு அல்ல. 5டபிள்யூ-30 ஊற்று, டிரெயின் போல்ட்டின் வாஷரையும் ஃபில்டரையும் புதிதாகப் போடச் சொல், வால்வு கவரில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்து எழுதி வை. குறைவு நன்றாகக் கூடினால் அடுத்த முறை 10டபிள்யூ-40க்குப் போகலாம், அட்டவணையே அனுமதிக்கிறது. நீல நிறப் புகை வரத் தொடங்கினால் பிஸ்டன் ரிங்கையும் வால்வு சீலையும் பார்க்க வேண்டும். கெட்டி ஆயில் தேய்ந்த ரிங்கைத் திரும்ப வளர்க்காது.

நான், பகல் 12:18
5டபிள்யூ-30 ஊற்றியாகிவிட்டது. அட்டவணையைக் காட்டியதும் மெக்கானிக்கும் ஒப்புக்கொண்டார். எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

சித்தப்பா (எண்ணூர்), பகல் 12:31
என் 1998 கார்புரேட்டர் வண்டியின் கையேட்டைப் பரணிலிருந்து எடுத்தேன், அண்ணா. அதில் 20டபிள்யூ-40 என்று இருக்கிறது. நான் மாற்ற வேண்டுமா?

பெரியப்பா, பகல் 12:34
வேண்டாம், தம்பி. அதே 20டபிள்யூ-40 ஊற்று.