அலங்காநல்லூர் வீடு (வாட்ஸ்அப் குழு)

பாண்டி: சித்தப்பா, உருளைக்கெழங்கு 1 மூட்டை மண்டியில எடுத்தாச்சு. மேக்கால 10 சென்ட் சும்மா கெடக்கு. ஞாயித்துக்கெழமை காதுகுத்துக்கு முன்னாடி நட்டுரலாமா?

செல்வி அத்தை: அழகர்கோயிலுக்கு வேன் எத்தனை மணிக்கு?

முருகேசன் சித்தப்பா: பெருவெரலால தோலைத் தேச்சுப் பாரு. உரியுதா?

பாண்டி: உரியுது

முருகேசன் சித்தப்பா: அப்ப புதுக்கெழங்கு. முளைக்க 8, 10 வாரம் ஆகும். இப்ப போட்டா ஐப்பசி ஈரத்துல பாதி அழுகிரும், மிச்சம் தையிலதான் தலைகாட்டும். நட்டு 30, 35 நாள்லதான் கெழங்கு வைக்கும். அந்த நேரம் ராத்திரி 20 டிகிரி கிட்ட இருக்கணும். நம்ம பக்கம் அது மார்கழி, தை மட்டுந்தான். கார்த்திகை மொத வாரம் நடு. தாமசமானா மாசி வெயில்ல செடி தளதளன்னு நிக்கும், அடியில கோலிக்குண்டுதான்.

கார்த்தி: கொடைக்கானல் மச்சான்ட்ட வெதை கேப்பமா

முருகேசன் சித்தப்பா: கேக்காத. மலைக்கெழங்குல ஒட்டுன மண்ணோட நூற்புழு, அதான் வேரைத் தாக்குற பொடிப்புழு, வரும். தக்காளி, கத்தரியையும் புடிக்கும். வடக்க இருந்து வர்ற சான்று வெதை வாங்கு. குஃப்ரி சூர்யா ரகம் கெடைச்சா நல்லது, சிம்லா ஆராய்ச்சி நெலையம் 2006-ல விட்டது, சூடு தாங்கும்.

பெரியப்பா: 👍

செல்வி அத்தை: வேன்??

கார்த்தி: 6 மணி அத்தை

செல்வி அத்தை: போன தடவ மாதிரி என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க

முருகேசன் சித்தப்பா: பாண்டி, சென்ட்டுக்கு 12 கிலோ. மொத்தம் 120. 40, 50 கிராம் முழுக்கெழங்காப் பாத்து எடு, மழை மாசத்துல வெட்டிப் போடாத, வெட்டுவாய் அழுகும். குளிர்கிடங்குல இருந்து வந்ததும் 10 நாள் வெளிச்சமுள்ள நெழல்ல ஒத்தை அடுக்காப் பரப்பு. முளை கட்டையா, தடிச்சு, பச்சை ஓடி நிக்கணும். இருட்டுல வச்சா வெள்ளையா நூலாட்டம் நீண்டு, கூடையில அள்ளுறப்பவே ஒடியும். மண்ணை அணைச்சுப் பார் கட்டி அது மேல நடு, பாருக்குப் பார் 2 அடி, செடிக்குச் செடி முக்கால் அடி. தண்ணி நிக்கவே கூடாது.

பாண்டி: இந்த மூட்டைய என்ன செய்ய

செல்வி அத்தை: பந்திக்கு அனுப்பு. கறிக்கொழம்புல போடலாம்

பாண்டி: 50 கிலோ அத்தை

செல்வி அத்தை: 20 போதும்

கார்த்தி: கார்த்திகையில தண்ணி பாய்ச்ச மோட்டார் யார் மொறை?

பெரியப்பா: அதை நேர்ல பேசிக்கலாம்

பாண்டி: பெரியப்பா, வெதை வாங்குறதுக்கு முன்னாடி அது தெரியணும்