விரத நாள் தலைவலியும் அம்மாவின் காபியும்

சத்துவாச்சாரியிலிருந்து:

ஆடிக் கிருத்திகைக்கு வீட்டோடு வள்ளிமலைக்குப் போவோம். அம்மா அன்றைக்குத் தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டார், காபியும் கிடையாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் படியேறும்போது பதினொரு மணி வாக்கில் "மண்ட இடிக்குதுடா" என்று உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் வாந்தி வரும். அப்பா வெயில் என்பார், அத்தை பசி என்பார், பாட்டி திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போடுவார்.

போன வருஷம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முந்தின ராத்திரியிலிருந்து வாயில் எதுவும் வைக்கக் கூடாது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் வயிற்றைவிடத் தலைதான் வலிக்கிறது என்று அழுதார். பார்க்க வந்த மயக்க மருந்து டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை காபிம்மா குடிப்பீங்க?" அம்மா "ரெண்டு" என்றார். நான் பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணினேன்: எழுந்ததும் ஒன்று, டிபனோடு ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று. எங்கள் வீட்டுக்கு யாரும் வராத நாள் கிடையாது.

டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான். மூளையில் அடினோசின் என்கிற ரசாயனம் சேரச் சேர அசதியும் தூக்கமும் வரும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காபியில் இருக்கிற காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், அதனால்தான் குடித்ததும் தெம்பாகத் தெரிகிறது. தலையின் ரத்தக் குழாய்களையும் அது சுருக்கி வைத்திருக்கும். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் குழாய்கள் விரிந்து தலை இடிக்கும், பெரும்பாலும் கடைசி டம்ளர் குடித்த 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள். முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வள்ளிமலைப் படியில் வந்து நின்றது. அத்தனை வருஷம் அம்மா பட்ட வலியை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

ரத்த சோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் அம்மா டிபன் காபியோடுதான் போட்டுக்கொண்டிருந்தார். காபி இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இப்போது இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விட்டு, எலுமிச்சை ஜூஸோடு கொடுக்கிறேன்.

காபியை ஒரேயடியாக நிறுத்தவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை டிகாக்‌ஷனில் ஒரு ஸ்பூன் குறைத்தோம். அதைவிடக் கஷ்டம் விருந்தாளிகள்தான். வந்தவர் கையில் டவரா டம்ளரைக் கொடுத்துவிட்டு அம்மா சும்மா உட்கார்ந்தால் வந்தவருக்குத் தொண்டையில் இறங்காது. காபித்தூள் அரைக்கிற கடையில் சிக்கரியைத் தனியாக நிறுத்து வாங்கி வந்தேன். சிக்கரியில் காஃபீன் துளியும் இல்லை. அதைப் பாலில் கலந்து ஆற்றினால் நிறமும் நுரையும் அப்படியே காபிதான், அம்மா அவர்களோடு உட்கார்ந்து குடித்தார். எட்டு வாரத்தில் காலையில் ஒரு டம்ளர் என்று வந்து நின்றது.

பள்ளிகொண்டாவிலிருந்து:

நான் சென்னை - பெங்களூரு ரோட்டில் லாரி ஓட்டுகிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி அடித்துவிட்டு உடனே வண்டியை எடுப்பேன். அப்படித்தான் வாணியம்பாடிகிட்ட ஒரு நாள் கண் சொக்கி டிவைடர் ஓரம் போய்விட்டேன், நினைத்தால் இன்றைக்கும் உடம்பு நடுங்குது. காபி வேலை செய்யவே அரை மணி நேரம் ஆகும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது குடித்ததும் அலாரம் வைத்து இருபது நிமிஷம் படுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவேன். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும் என்பதால், விடியக்காலையில் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டிய நாளில் ராத்திரி பத்து மணிக்கு மேல் காபி கிடையாது, தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன்.

ஆரணியிலிருந்து:

எங்கள் அப்பா பட்டுத்தறி. விடியற்காலை நாலு மணிக்கு வெல்லக் காபி குடித்துவிட்டுத்தான் தறியில் உட்காருவார். ஆனால் பாவு (தறியின் நீளவாட்டு இழைகள்) பிணைக்கிற நாளில் இரண்டாவது டம்ளரைத் தொடமாட்டார், விரல் நடுங்கும் என்பார். தலைமுடி மாதிரி இழை, ஒவ்வொன்றாகத் திரிக்க வேண்டும். அவருக்கு இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை, விரலே சொல்லிக் கொடுத்தது. சரி, அம்மா இந்த ஆடிக்கு மலை ஏறினாரா?

சத்துவாச்சாரியிலிருந்து:

ஏறினார். முந்தின நாள் சாயங்காலம் சிக்கரிப் பால்தான். பதினொரு மணி ஆனதும் நான் நாலு படிக்கு ஒரு தடவை நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னாடா பாக்கற, நட" என்றார்.