புதுக் கோபுரம் எழுப்பாமல் மின்தொடரமைப்பின் திறனைக் கூட்ட மாநிலச் சட்டத்தால் முடியுமா?

செங்காந்தள்:

அமெரிக்க மாநிலங்கள் பலவும் தூய மின்சாரத்துக்கு இலக்கு ஆண்டு குறித்துச் சட்டம் போட்டுவிட்டன. காற்றாலையும் சூரியப் பூங்காவும் கட்ட ஆள் இருக்கிறார்கள், இணைப்புதான் கிடைப்பதில்லை. 2023 இறுதியில் நாடு முழுக்க இணைப்பு வரிசையில் சுமார் 2,600 ஜிகாவாட் காத்திருந்தது. 2000 முதல் 2018 வரை விண்ணப்பித்த கொள்ளளவில் சுமார் 14 விழுக்காடுதான் 2023 முடிவதற்குள் உற்பத்திக்கு வந்தது. புது லைன் என்றால் நிலம், அனுமதி, வழக்கு என்று பத்தாண்டு போய்விடுகிறது.

மாநிலங்களைக் கடந்து ஓடும் மின்தொடரமைப்பின் கட்டணமும் விதிகளும் ஃபெர்க் என்ற ஒன்றிய ஆணையத்தின் கையில். லைன் போகும் பாதைக்கு அனுமதி, பகிர்மானம், நுகர்வோர் கட்டணம், எந்த வகை உற்பத்தி என்பவை மாநிலத்தின் கையில். இந்த எல்லைக்குள் நின்று, இரண்டு மூன்று ஆண்டில் பலன் தரும் சட்டம் ஒன்றை எழுத வேண்டும், மக்களின் பில்லும் ஏறக்கூடாது என்றால் எதில் தொடங்குவது? இருக்கிற கோபுரத்தில் கம்பியை மட்டும் மாற்றினால் திறன் இரட்டிப்பாகும் என்கிறார்கள். உண்மையா? உண்மை என்றால் ஏன் எல்லா நிறுவனமும் செய்வதில்லை?

---

உயரழுத்தம்:

உண்மைதான், ஆனால் எல்லா லைனுக்கும் பொருந்தாது. முதலில் லைனின் நீளத்தைப் பாருங்கள்.

சுமார் 80 கிலோமீட்டருக்கு உட்பட்ட லைனில் எல்லையைப் போடுவது கம்பியின் சூடு. மின்னோட்டம் கூடினால் கம்பி சூடேறி நீளும், நடுவில் தொய்வு இறங்கும், தரைக்கும் கம்பிக்கும் இருக்க வேண்டிய இடைவெளி குறையும். வழக்கமான கம்பியில் நடுவே எஃகு, சுற்றிலும் அலுமினியப் புரிகள். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 11.5 மைக்ரோமீட்டர் நீளும். கார்பன் இழை மையம் வைத்த கம்பியில் அது 1.6 அளவுதான். அதனால் 180 டிகிரி வரை ஓட்டினாலும் தொய்வு பெரிதாக இறங்காது. மையம் மெலிதாகவும் எடை குறைவாகவும் இருப்பதால், அதே விட்டத்துக்குள் இடைவெளி விடாமல் சரிவக வடிவப் புரிகளை அடுக்கி ஏறக்குறைய 28 விழுக்காடு அலுமினியத்தைக் கூடுதலாக அடைக்கலாம். கோபுரம் சுமக்கும் எடையும் கம்பி மேல் காற்று தள்ளும் விசையும் கிட்டத்தட்ட பழையபடியே இருக்கும். ஆக கோபுரமும் நிலமும் பாதையும் மாறாமல் திறன் இரட்டிப்பை நெருங்குகிறது. அதே மின்னோட்டத்துக்கு இழப்பும் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது.

80 கிலோமீட்டரைத் தாண்டினால் சூட்டுக்கு முன்பே மின்னழுத்த வீழ்ச்சி குறுக்கே நிற்கும். 300 கிலோமீட்டருக்கு மேல் அமைப்பின் நிலைத்தன்மை. அங்கே தடையாக இருப்பது லைனின் தூண்டல் மறிப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு லைன் தன் காந்தப்புலத்தால் காட்டும் எதிர்ப்பு. அது கம்பிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அமைப்பையும் பொறுத்தது, கம்பியின் மையம் எஃகா கார்பனா என்பதைப் பொறுத்ததல்ல. நீண்ட லைனில் தொடர் மின்தேக்கியோ, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டாட்காம் என்ற மின்னணுக் கருவியோ வைக்காமல் கம்பியை மட்டும் மாற்றுவது காசு விரயம். எனவே சட்டத்தில் "எல்லா லைனையும் மாற்றுக" என்று எழுதாதீர்கள். "சூட்டு வரம்பால் நெரிசல்படும் லைன்களின் பட்டியலைத் தருக" என்று எழுதுங்கள்.

வேலை சொதப்பும் இடங்களும் உண்டு.

லைனின் மதிப்பீடு, அதாவது அது தாங்கும் மின்னோட்டத்தின் அளவு, அதன் மிகப் பலவீனமான உறுப்பின் மதிப்பீடுதான். 2,000 ஆம்பியர் தாங்கும் கம்பியை ஏற்றிவிட்டு துணை மின்நிலையத்தில் 1,200 ஆம்பியர் ஐசொலேட்டரை (லைனைப் பிரிக்கும் சுவிட்சை) அப்படியே விட்டால் கிடைப்பது 1,200 தான். கரன்ட் டிரான்ஸ்பார்மர், வேவ் டிராப், ஜம்பர், பஸ்பார் என்று அதே மின்னோட்டம் கடந்துபோகும் உறுப்புகள் எல்லாவற்றையும் அதே மதிப்பீட்டில் சேர்த்தே போட வேண்டும்.

அடுத்தது ரிலே, அதாவது பழுது கண்டால் லைனைத் துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்புக் கருவி. பழுது எவ்வளவு தொலைவில் என்று கணிக்கும் தூர ரிலேயில், மிகத் தொலைவு வரை பார்க்கும் மூன்றாம் மண்டலம் தாராளமாக அமைக்கப்பட்டிருந்தால் கனத்த சுமையையே பழுது என்று எண்ணி லைனை வெட்டிவிடும். 2003 ஆகஸ்ட் 14 பேரிருளில் ஓஹையோவின் சாமிஸ்–ஸ்டார் 345 கிலோவோல்ட் லைன் இப்படித்தான் வெட்டப்பட்டது: லைனில் பழுது இல்லை, மின்னோட்டம் மிகுந்து அழுத்தம் தாழ்ந்திருந்தது, அது பழுது என்று ரிலே கொள்ளும் எல்லைக்குள் விழுந்தது. கம்பி மாற்றும் திட்டத்தில் ரிலே மறுகணக்கீட்டுக்குத் தனி வரி இருக்க வேண்டும்.

மூன்றாவது, பொருத்தும் முறை. கார்பன் மையம் இழுவிசையைத் தாங்கும், கூர்மையான வளைவைத் தாங்காது. சிறிய கப்பியில் இழுத்தால் மையத்தில் விரிசல் விழும். வெளியே அலுமினியம் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுகள் கழித்து அறுந்து விழும்போதுதான் தெரியவரும். தயாரிப்பாளர் சொன்ன கப்பி விட்டம், பயிற்சி பெற்ற குழு இரண்டும் ஒப்பந்தத்தில் வேண்டும்.

லைனை நிறுத்த வழியில்லையே என்ற சாக்கும் வரும். டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் 345 கிலோவோல்ட் லைன்களில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பி மாற்றி 2015-இல் முடித்தார்கள். செலவு கூடும், ஆனால் முடியும்.

---

தராசு:

"ஏன் எல்லாரும் செய்வதில்லை" என்ற கேள்விக்குப் பதில் பொறியியலில் இல்லை, கட்டண முறையில் இருக்கிறது.

தனியார் மின்நிறுவனத்துக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் ஆணையம் இலாபம் அனுமதிப்பது அது போட்ட முதலின் மேல். பங்கு மூலதனத்துக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு என்பது வழக்கமான அளவு. நடைமுறைச் செலவு அப்படியே திரும்பக் கிடைக்கும், இலாபம் சேராது. எனவே பெரிய புது லைன் கட்டினால் வருமானம்; சென்சாரும் மென்பொருளும் வைத்து பழைய லைனையே நன்றாக ஓட்டினால் வருமானம் இல்லை. இந்தச் சாய்வை ஆவர்ச், ஜான்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1962-லேயே காட்டிவிட்டார்கள். நிறுவனத்தின் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. விதி தரும் இலாபத்தைத்தான் அது தேடும்.

ஆகவே சட்டத்தில் இரண்டு வேண்டும். ஒன்று, கட்டாயமாகப் பார்க்கச் சொல்வது. வர்ஜீனியாவும் மின்னசோட்டாவும் 2024-இல் இதைச் செய்தன: மின்தொடரமைப்பை மேம்படுத்தும் கருவிகளைத் திட்டத்தில் பரிசீலிக்க வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின. மொன்டானா 2023-இல் மேம்பட்ட கம்பிகளுக்கென்றே சட்டம் இயற்றியது. இரண்டாவது, இலாபத்தின் திசையைத் திருப்புவது. லைன் நிரம்பி, மலிவான மின்சாரம் வர முடியாமல் விலை கூடியதை வாங்குவதால் வரும் நெரிசல் செலவில் மிச்சமானதில் ஒரு பங்கை, உதாரணமாக முதல் சில ஆண்டுக்கு, நிறுவனமே வைத்துக்கொள்ளலாம், மீதி நுகர்வோருக்கு. ஹவாய் இன்னும் ஆழமாகப் போய், 2018 சட்டத்தின் அடிப்படையில் 2021 முதல் வருவாயைச் செயல்திறனோடு கட்டிவிட்டது.

முதலாவதை மட்டும் எழுதி நிறுத்தினால் "பரிசீலித்தோம், பொருந்தவில்லை" என்ற ஒரு பக்கக் குறிப்போடு கோப்பு மூடப்படும். எந்த லைன், எத்தனை மணி நேரம் நெரிசல், என்ன செலவு, எந்தக் கருவி, ஏன் தள்ளப்பட்டது என்ற ஐந்தும் லைன் வாரியாக மாநில மின் ஆணையத்திடம் தாக்கலாக வேண்டும்.

இன்னொன்று: கம்பி மாற்றுவதற்கு முன்பே, மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியது மாறும் மதிப்பீடு: லைன் எவ்வளவு தாங்கும் என்பதை ஒரே எண்ணாக வைக்காமல், அந்தந்த நேரத்து வெப்பம், காற்றைப் பார்த்துக் கணக்கிடுவது. பென்சில்வேனியாவில் ஒரு நிறுவனம் 2022-இல் அதை நேரடிச் சந்தை இயக்கத்தோடு இணைத்தது. அதைத்தான் முதலில் எழுதச் சொல்வேன்.

---

உயரழுத்தம்:

தராசு சொல்வது சரி. ஆனால் அது என்ன தரும், என்ன தராது என்று கணக்கோடு தெரிந்திருப்பது நல்லது.

டிரேக் என்ற வழக்கமான கம்பியை எடுத்துக்கொள்வோம். வெளிக்காற்று 40 டிகிரி, குறுக்கே வீசும் காற்று நொடிக்கு 0.61 மீட்டர், உச்சி வெயில், கம்பி 100 டிகிரி என்று வைத்தால் மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.-யின் 738-ஆம் தரநிலை முறைப்படி சுமார் 1,025 ஆம்பியர். மற்றவை மாறாமல் வெளிக்காற்று 10 டிகிரிக்கு இறங்கினால் அதே கம்பி சுமார் 1,270 தாங்கும். வெப்பம் 40-லேயே நின்று காற்று மட்டும் இரட்டிப்பானால் சுமார் 1,190. காற்றாலைகள் ஓடும் நேரமும் கம்பி குளிரும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாக வருவது இதன் அழகு.

ஆனால் அதே மெல்லிய காற்று கம்பிக்கு இணையாக வீசினால் மதிப்பீடு 800-க்கு விழும். அதாவது நிலையான மதிப்பீடு சில வேளை மிகையானது. மாறும் மதிப்பீடு அதைக் காட்டிக்கொடுக்கும். மலை மறைவில் காற்று சேராத ஓர் இடைவெளிதான் முழு லைனின் எல்லை, அங்கே சென்சார் இல்லாவிட்டால் கணக்கு முழுதும் தவறு.

வெளிவெப்பத்தைப் பொறுத்து மணிக்கு மணி மதிப்பிடுவதை ஃபெர்க் 2021-இன் 881-ஆம் ஆணையிலேயே கட்டாயமாக்கிவிட்டது. காற்றையும் சேர்ப்பதுதான் மாநிலம் கூடுதலாகத் தூண்டக்கூடிய படி. புது லைன்களே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்சாஸ் 2005-இல் சட்டம் போட்டு, காற்று மிகுந்த மேற்குப் பகுதிக்கு ஆலைகள் வருமுன்பே லைன் திட்டமிட்டு, ஏறக்குறைய 3,600 மைல் 345 கிலோவோல்ட் லைனை 2014-க்குள் முடித்தது. அந்த அளவுக்கு மாற்று எதுவும் இல்லை.

---

செங்காந்தள்:

மிகவும் தெளிவாயிற்று, இருவருக்கும் நன்றி. துணை மின்நிலையத்திலிருந்து வீடுகளுக்குப் போகும் பகிர்மான லைனான ஃபீடர் மட்டத்தில்? கூரைச் சூரிய மின்சாரம் கேட்டால் "இந்த ஃபீடர் நிரம்பிவிட்டது" என்ற பதில்தான் வருகிறதாம்.

---

ஃபீடர்12:

"நிரம்பிவிட்டது" என்றால் எது நிரம்பியது என்று கேளுங்க. பெரும்பாலும் அது பழைய 15 விழுக்காட்டுச் சல்லடை, அதாவது விண்ணப்பங்களை வடிகட்டும் முதல் சோதனை. ஃபீடரின் ஆண்டு உச்சச் சுமையில் 15 விழுக்காட்டுக்கு மேல் உற்பத்தி சேர்ந்தால் விரிவான ஆய்வு வேணும் என்பது விதி. அந்த எண் எப்படி வந்தது? குறைந்தபட்சச் சுமை உச்சத்தில் 30 விழுக்காடு இருக்கும், அதில் பாதி பாதுகாப்பு என்ற தோராயம். சூரிய மின்சாரம் இரவில் வராது. அதனால் பகல் நேரக் குறைந்தபட்சச் சுமையை அளந்து, அதன் 100 விழுக்காடு வரை கூடுதல் சல்லடையில் அனுமதிக்கலாம். ஃபெர்க்கின் சிறு உற்பத்தியாளர் விதியே 2013-இல் இதை ஏற்றது. ஸ்மார்ட் மீட்டர் இருக்கிற மாநிலத்தில் பகல் சுமை தெரியாது என்று சொல்ல முடியாது.

உண்மையான தடை வருவது அழுத்தத்தில். 120 வோல்ட் வீட்டு இணைப்புக்கு மேல் எல்லை 126. மதியம் கூரைகள் ஊட்டும்போது ஃபீடரின் கடைசி வீட்டில் அழுத்தம் ஏறும். ஐ.இ.இ.இ. 1547-2018 தரநிலைப்படி செய்த இன்வெர்ட்டர்கள் இதைத் தாமே சமாளிக்கும்: அழுத்தம் 102 விழுக்காட்டைத் தாண்டியதும் ரியாக்டிவ் மின்திறனை (வேலை செய்யாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கும் பகுதியை) உள்ளிழுக்கத் தொடங்கி, 108-இல் தன் மதிப்பீட்டில் 44 விழுக்காடு வரை இழுக்கும். சிக்கல் என்னன்னா, இது இன்வெர்ட்டருக்குள் இருக்கிறதே தவிர, இயக்கி வைக்கச் சொல்லும் மாநில விதி பல இடங்களில் இல்லை. ஒரு வரி உத்தரவு போதும், கம்பியே மாற்றாமல் ஃபீடரில் இடம் கிடைக்கும்.

அப்புறம் ரெகுலேட்டர், ஃபீடரின் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் கருவி. மின்சாரம் தலைகீழாக ஓடும்போது இருதிசை முறையில் வைத்த ரெகுலேட்டர், மூலம் மறுபக்கம் மாறிவிட்டதாக நினைத்து துணை மின்நிலையப் பக்கத்து அழுத்தத்தைத் திருத்தப் பார்க்கும். அந்தப் பக்கம் அசையாது. அதன் டேப் (அழுத்தத்தை மாற்றும் படி) ஒவ்வொன்றாக நகர்ந்து கடைசிப் படியில் போய் முட்டும். கூரைகள் உள்ள பக்கத்து அழுத்தம் எல்லையை விட்டு விலகும், இன்வெர்ட்டர்கள் வரிசையாகத் துண்டிக்கும். பழி சூரியத் தகட்டின் மேல் விழும். மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் கூரைகள் உள்ள பக்கத்து அழுத்தத்தையே திருத்தும் கோஜெனரேஷன் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. ஃபீடரை மூடுவதற்கு முன் ரெகுலேட்டர் அமைப்பைச் சரிபார்த்துச் சான்று தரணும்னு விதியில் எழுதுங்க.

---

தராசு:

பில் ஏறக்கூடாது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு இடங்களில் கை வைக்கலாம்.

மூட வேண்டிய நிலக்கரி ஆலையில் இன்னும் திரும்பக் கிடைக்காமல் மீதமிருக்கும் மூலதனத்தை நிறுவனத்தின் இலாப விகிதத்தில் மக்கள் கட்டிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. நியூ மெக்சிகோ 2019 சட்டம்போல, கட்டணத்தின் மேல் உறுதியளித்த குறைந்த வட்டிப் பத்திரம் வெளியிட்டு அந்த மீதியை அடைத்துவிடலாம். பத்திரத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்கான தொகையையும் சேர்த்தார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

மற்றது தரவு மையங்கள். 200 மெகாவாட் கேட்டு, அதற்காகத் துணை மின்நிலையமும் லைனும் கட்டியபின் 60 மட்டும் எடுத்தால் மிச்சச் செலவு வீடுகளின் தலையில் விழும். ஓஹையோவில் 2025-இல் ஆணையம் ஏற்ற கட்டணப்படி, 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுத் தரவு மையம், கேட்ட அளவில் குறைந்தது 85 விழுக்காட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். டெக்சாஸ் அதே ஆண்டில் 75 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள புதுச் சுமைகளை நெருக்கடியில் துண்டிக்கச் சட்டத்தில் வழி வைத்தது. இரண்டையும் சேர்த்து எழுதலாம். எல்லை மெகாவாட்டை எழுதும்போது, ஒரே உரிமையாளரின் அடுத்தடுத்த இணைப்புகளைக் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்ற சொற்றொடரைச் சேருங்கள். இல்லையென்றால் 24 மெகாவாட்டாக உடைத்து விண்ணப்பம் வரும்.