உதவி: செய்திமடல் பற்றிக் கருத்துக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை (அவசரம்)

இணைச்செயலர்
எங்கள் மாவட்ட வரி ஆலோசகர்கள் சங்கத்தின் செய்திமடல் மாதாமாதம் மின்னஞ்சலில் போகிறது. அதை நன்றாக ஆக்கலாம் என்று கூகுள் ஃபார்ம் அனுப்பினோம். 9 பேர் நிரப்பியிருக்கிறார்கள். அதில் இரண்டு நானும் பொருளாளரும். ஞாயிற்றுக்கிழமை செயற்குழு. என்ன செய்யலாம், சீக்கிரம் சொல்லுங்கள்.

கோடுபோட்ட நோட்டு
மொத்தம் எத்தனை உறுப்பினர்? எத்தனை கேள்வி? என்றைக்கு அனுப்பினீர்கள்?

ஸ்பாம் வேட்டை
ஸ்பாமுக்குத்தான் போயிருக்கும், சந்தேகமே வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாகப் போகும் மின்னஞ்சல்களுக்குக் கூகுளும் யாகூவும் கெடுபிடி செய்கின்றன. மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகள் இரண்டும் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

இணைச்செயலர்
340 பேர். 61 சதவீதம் பேர் திறந்ததாகக் காட்டுகிறதே சார்?

ஐபோன்காரன்
அந்தக் கணக்கை நம்பாதீர்கள். 2021-ல் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, பயனர் மெயில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியிருந்தால், ஆப்பிள் மெயில் மடலிலுள்ள படங்களை, திறந்ததைக் கணக்கெடுக்கும் மறைபடம் உட்பட, தானே முன்கூட்டி இறக்கிக்கொள்கிறது. ஆள் திறக்காமலே திறந்ததாகப் பதிவாகும்.

அனுபவசாலி
இதே கேள்வி இங்கே பல முறை வந்தாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் கேட்க வேண்டியிருக்காது. தம்பி, நாங்கள் சைக்ளோஸ்டைல் காலத்திலேயே ரிப்ளை கார்டு வைத்துக் கருத்து வாங்கியவர்கள். உறுப்பினரிடம் நெருக்கம் வேண்டும், ஃபார்ம் அல்ல.

கோடுபோட்ட நோட்டு
ஐயா, நெருக்கம் சரி. தம்பி இன்னும் தேதி சொல்லவில்லை.

இணைச்செயலர்
ஜனவரி 19. கேள்விகள் 22. ஃபார்ம் இணைப்பு மடலின் கடைசியில், தலைவர் உரைக்குக் கீழே இருக்கிறது.

கோடுபோட்ட நோட்டு
19-ஆம் தேதியா! மறுநாள் ஜிஎஸ்டி மாதத் தாக்கலான 3பி படிவத்துக்குக் கடைசி நாள். வரி ஆலோசகரிடம் 19-ஆம் தேதி 22 கேள்வி கேட்டால் அவர் உங்களைத் திருப்பிக் கேட்கும் கேள்வியை இங்கே எழுத முடியாது.

காலாண்டு
க்யூஆர்எம்பி ஆட்களுக்கு, அதாவது காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கு, நம் மாநிலத்தில் 22-ஆம் தேதி. பொத்தாம்பொதுவாக 20 என்று எழுதக் கூடாது.

கோடுபோட்ட நோட்டு
மாதத் தாக்கலைத்தான் சொன்னேன். ஜனவரியில் அக்டோபர்–டிசம்பர் காலாண்டும் சேர்ந்து விழுகிறது. அப்படியானால் இன்னும் மோசம்தானே?

காலாண்டு
மோசமோ இல்லையோ, தேதி 22.

அனுபவசாலி
விற்பனை வரிக் காலத்தில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

ஸ்பாம் வேட்டை
இருந்ததே ஐயா, நாளில் கால் பங்கு வரி அலுவலக வாசலில்தான் கழிந்தது. அது கிடக்கட்டும். மடல் எத்தனை கேபி? சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் வாலை வெட்டிவிடும். கடைசியில் இருக்கும் இணைப்பை யார் பார்ப்பார்கள்?

பின்வரிசை உறுப்பினர்
நானும் ஒரு சங்கத்தில் சாதாரண உறுப்பினன்தான். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்று ஃபார்மில் டிக் செய்தீர்களா? செய்திருந்தால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். என் அலுவலகக் கணினியில் திறந்திருப்பது கிளார்க்கின் கணக்கு. மின்னஞ்சல் முகவரியும் கேட்டிருந்தால் கதை முடிந்தது. மடலின் ஆசிரியர் அநேகமாக ஒரு மூத்தவராக இருப்பார். ‘உங்கள் தலையங்கத்தை நான் படிப்பதே இல்லை’ என்று பெயரோடு எழுதிவிட்டு அடுத்த கூட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போண்டா சாப்பிட முடியுமா?

ஐபோன்காரன்
வாட்ஸாப் குரூப்பில் வாக்கெடுப்பு வைக்கலாமே.

பின்வரிசை உறுப்பினர்
சாதாரணமாக அதிலும் யார் எதற்கு வாக்களித்தார் என்று பெயர் தெரியும். ஃபார்மை விடுங்கள். 25-ஆம் தேதிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போன் போடுங்கள். நிர்வாகிகள் வேண்டாம், கூட்டத்துக்கே வராதவர்களாகப் பாருங்கள். ‘மடல் எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். ‘போன மாத மடலில் எதைப் படித்தீர்கள், எதில் நிறுத்தினீர்கள்’ என்று கேளுங்கள். அப்புறம், மடல் பதில் எழுத முடியாத நோரிப்ளை முகவரியிலிருந்தா போகிறது?

இணைச்செயலர்
ஆமாம். டிக்கும் இருந்தது. முகவரியும் கேட்டிருந்தோம்.

*(எட்டு நாள் கழித்து)*

இணைச்செயலர்
12 பேரிடம் பேசினேன். 8 பேர் சொன்னது ஒன்றே: தலைவர் உரையைக் கீழே தள்ளு, இந்த மாதக் கடைசித் தேதிகளை மேலே போடு. மடலுக்குப் பதில் எழுதும் வசதியும் வந்துவிட்டது. தலைவரிடம் இன்னும் சொல்லவில்லை. நன்றி.

காலாண்டு
தேதிகளைப் போடும்போது 22-ஐயும் போடுங்கள்.