லேனியர் ஏரில பாஸ் மீனெல்லாம் எங்க போச்சு?

அட்லாண்டா பக்கம் தூண்டில் போடுறவங்க யாராவது இருக்கீங்களா, ஒரு ஹெல்ப் வேணும். ஜூன்ல லேனியர் ஏரில ஸ்பாட்டட் பாஸ் நல்லாவே மாட்டுச்சு, அக்டோபர் பொறந்ததுல இருந்து மூணு சனிக்கிழமையா வெறுங்கையோட வர்றேன், வீட்ல நக்கல் தாங்கல. தண்ணி 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கிடுச்சு, ஷேட்ங்கற (shad) சின்ன இரை மீன் கூட்டமா ஓடைப்பக்கம் ஒதுங்கும், பாஸும் பின்னாடியே போகும்ங்கறாங்க, சரி, 38,000 ஏக்கர்ல எந்த ஓடைன்னு போய் தேடுறது? இன்னொருத்தர் இங்க ப்ளூபேக் ஹெர்ரிங்னு இன்னொரு இரை மீன் இருக்கு, பாஸ் அத தொரத்திட்டு நடு ஏரிலயே சுத்தும்ங்கறார். என்கிட்ட கயாக் மட்டும்தான், ரொம்ப தூரம் போக முடியாது. பியூஃபர்ட் அணைப்பக்கம் விடிகாலைல டாப்வாட்டர் (தண்ணி மேல மிதக்குற போலி இரை) போடலாமா, இல்ல ஆழத்துல ட்ராப் ஷாட்டா (அடியில எடை, அதுக்கு மேல கொக்கி)? மேல்தண்ணி குளிர்ந்து கீழ்தண்ணியோட பொரண்டு கலங்குற வாரத்துல போறதே வேஸ்டா?