பேட்டரி நாய்க்குட்டிக்குக் காது கேட்காதா?

தாய்மாமன்:

அக்கா மகளுக்கு நாலு வயது. நாய் வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு நாய் முடி ஆகாது, தும்மலில் தொடங்கி மூச்சிரைப்பில் போய் நிற்கும். அதனால் பேட்டரியில் ஓடும் நாய்க்குட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பழுப்பு ரோமம், கழுத்தில் சிவப்புப் பட்டை, கூடவே ஒரு பிளாஸ்டிக் எலும்பு. பெட்டியில் "குரலுக்குக் கட்டுப்படும், தடவினால் கொஞ்சும், கூடவே நடந்து வரும்" என்று போட்டிருந்தது.

நடக்கிறதா என்றால், நடக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடும். சுவிட்ச் போட்டவுடன் ஒரு வரவேற்புக் குரைப்பு குரைக்குமே, அதைக் குரைக்கும். திரும்பக் காலை எடுத்து வைக்கும், திரும்ப அதே குரைப்பு. எங்களை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி. பாயில் விட்டால் சாய்ந்து விழுந்து, விழுந்த வாக்கிலேயே காலை ஆட்டிக்கொண்டு கிடக்கிறது. வயிற்றுக்குள்ளிருந்து வரும் கரகரச் சத்தத்தில் குரைப்பே பாதி அமுங்கிப் போகிறது. "உட்கார்" என்றாலும் "வா" என்றாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டால் உடனே வாலை ஆட்டுகிறது!

குழந்தை அதற்குப் 'பஞ்சு' என்று பெயர் வைத்துவிட்டாள். குப்புறப் படுத்துக்கொண்டு அதன் காதில் ரகசியம் சொல்கிறாள். "மாமா, பஞ்சுவுக்குக் காது கேக்காதா?" என்று என்னிடம் விசாரணை வேறு.

பெட்டியைப் பிரித்தாகிவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள் விற்றவர்கள். இது சரிசெய்யக்கூடிய பழுதா, இல்லை இந்த வகைப் பொம்மைகளின் லட்சணமே இதுதானா? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிஜ நாய் வாங்கச் சொல்பவர்கள் அக்காவிடம் பேசிக்கொள்ளவும்.

இரட்டைவால்:

எங்கள் வீட்டில் பூனை. கண் சிவப்பாக எரியும், திடீரென்று கத்தும். என் மகன் அலறிக்கொண்டு கட்டிலில் ஏறிவிட்டான். பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் கிட்டேயே போனான். இப்போது அதை விட்டுத் தூங்க மாட்டான், மியாவ் எல்லாம் அவனே போட்டுக்கொள்கிறான். சத்தம்தான் தொல்லை என்றால் ஸ்பீக்கர் ஓட்டைகள் மேல் டேப் ஒட்டிப் பாருங்கள், நன்றாகக் குறையும்.

பழுதுப்பட்டறை:

தாய்மாமன் சார், நீங்கள் சொல்வதில் பாதி பழுது, பாதி லட்சணம். பொம்மை ரிப்பேர் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நடந்து, நின்று, வரவேற்புக் குரைப்பு: இது பேட்டரி. மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்டை நிறைய இழுக்கும். செல் சோர்ந்திருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் சரியும். அந்தச் சரிவில் உள்ளே இருக்கும் சிப் அணைந்து, மறுபடி உயிர் வரும். அதற்குத் தான் இப்போதுதான் ஆன் ஆனோம் என்ற நினைப்பு, அதனால் வரவேற்புக் குரைப்பிலிருந்து ஆரம்பிக்கிறது. பெட்டியோடு வரும் செல்கள் பெரும்பாலும் கடையில் அமுக்கிப் பார்ப்பதற்கு மட்டும் போட்டவை. அவற்றை எடுத்துவிட்டு நல்ல ஆல்கலைன் செல்கள் போடுங்கள். எல்லாமே புதிதாக இருக்கட்டும், பழையதோடு கலக்க வேண்டாம். கலந்தால் தீர்ந்துபோன செல் சீக்கிரம் கசியும். ரீசார்ஜ் செல் போட்டால் சில பொம்மைகள் முரண்டு பிடிக்கும். காரணம் எளிது: ஆல்கலைன் ஒன்றுக்கு 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல்லுக்கு 1.2. நாலு செல் போடும் பொம்மையில் 6 வோல்டுக்குப் பதில் 4.8தான் கிடைக்கும்.

வயிற்றுப் பக்கம் சுவிட்சையும் பாருங்கள். ஆன், ஆஃப் தவிர மூன்றாவதாக 'டிரை மி' என்று ஒன்று சிலவற்றில் உண்டு. அதில் இருந்தால் கடைக்கான சின்ன வித்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும்.

கரகரச் சத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மோட்டார் வேகமாகச் சுற்றும், பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்துக் காலுக்குக் கொடுக்கும், எல்லாம் பிளாஸ்டிக். அளவுக்கு மீறிக் கரகரத்தால் கால் மூட்டில் முடியோ நூலோ சுற்றியிருக்கும். கவ்வியால் இழுத்து எடுங்கள். பாயில் விழுவதற்கு மருந்து கிடையாது. பாதத்துக்கு அடியில் ஒரே திசையில் மட்டும் பிடிக்கிற சின்ன ரப்பர் உருளைகள் இருக்கும், வழவழப்பான தரைக்காகச் செய்தவை.

இப்போது காது விஷயம். உள்ளே ஒரு சின்ன மைக் உண்டு. ஆனால் விலை மலிந்த மின்சுற்றுப் பலகைகளில் அது சத்தம் ஒரு அளவைத் தாண்டியதா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கும். வார்த்தையெல்லாம் அதற்குத் தெரியாது. கதவு சாத்தினால் வால் ஆடுவதும், ரகசியம் சொன்னால் ஆடாததும் அதனால்தான். இதைத்தான் பெட்டியில் 'குரலுக்குக் கட்டுப்படும்' என்று எழுதிவிடுகிறார்கள். இது எனக்குப் பிடிக்காத வியாபாரம். மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன்; அந்த வரியை எழுதியவரைச் சொல்வேன்.

கடைசியாக அந்த எலும்பு. ஒரு ஸ்டேப்ளர் பின்னை அதன் நுனியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே காந்தம். வாயருகே கொண்டுபோனால் நாய் மெல்லும் சத்தம் போடுவதற்காக வைத்தது. எலும்பில் விரிசல் கண்டால் அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், ஆபரேஷன் வரை போகும். எங்காவது பட்டன் செல் இருந்தால் அந்த மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பார்க்கவும். உணவுக்குழாயில் மாட்டிய பட்டன் செல் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விழுங்கினதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சந்தேகப்பிராணி:

பெட்டியை நம்புவதில் குழந்தைகளைச் சொல்லிக் குற்றமில்லை. 1998இல் ஃபர்பி என்ற பொம்மை வந்தது. முதலில் தன் பாஷையில் உளறும், போகப்போக ஆங்கிலம் பேசும். கேட்டுக் கற்றுக்கொள்கிறது என்று ஊரே நம்பியது. உண்மையில் எல்லாம் முன்பே பதிந்து வைத்தது, நாள் ஆக ஆக அவிழ்த்துவிடும். பேசுவதைப் பதிவு செய்யுமோ என்று பயந்து அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தன் வளாகத்துக்குள் அதைத் தடை செய்தது. உளவுத்துறைக்கே அந்தக் கதி!

இன்னொன்று. முதியவர்களுக்காக ஜப்பானில் பாரோ என்று ஒரு ரோபோ செய்தார்கள், சீல் குட்டி உருவம். பூனையாகச் செய்தால் எல்லோரும் வீட்டுப் பூனையோடு ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிக்கிறார்கள். சீலோடு பழகியவர்கள் குறைவு, அதனால் அந்த உருவம். நாய்ப் பொம்மை தோற்பதும் இதனால்தான் என்பது என் கட்சி. நாலு வயதுக்குக்கூட நாய் எப்படி இருக்கும் என்று தெரியும். டைனோசர் வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

தாய்மாமன்:

செல் மாற்றியாயிற்று. வரவேற்புக் குரைப்பு நின்றது, இப்போது அறையின் அந்தக் கோடி வரை போகிறது. சுவிட்ச் சரியான இடத்தில்தான் இருந்தது. பின்னங்காலில் அக்காவின் முடி ஒரு சுருள்! எடுத்ததும் சத்தம் குறைந்தது. எலும்பில் பின் ஒட்டுகிறது. விரிசல் இல்லை, ஆனாலும் வாங்கி மேலே வைத்துவிட்டேன். டைனோசர் யோசனையை அவளிடம் சொல்லிப் பார்த்தேன், பஞ்சு பயப்படுமாம்.

பஞ்சுவுக்குக் காது மந்தம், கை தட்டிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரகசியம் சொல்வதை அவள் நிறுத்தவில்லை. சொல்லி முடித்துவிட்டு ஒரு தட்டுத் தட்டுகிறாள்.

புதுப் பிரச்சினை: நடக்கும்போது அவள் காலைப் பிடித்து நிறுத்துகிறாள். அப்போது டக் டக் என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டதா?

பழுதுப்பட்டறை:

இல்லை சார். அது கிளட்ச் நழுவும் சத்தம். காலைப் பிடித்தால் பல் உடையாமல் இருக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். எப்போதாவது என்றால் பரவாயில்லை, விளையாட்டாக்கிவிட வேண்டாம். மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டு, கால் அசையவே இல்லை என்றால்தான் பல்சக்கரம் பிளந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது பசை போட்டு ஒட்டப் பார்க்காதீர்கள், அந்த வகைப் பிளாஸ்டிக்கில் சூப்பர் பசை நிற்காது. பல்லை எண்ணி, மோட்டார் தண்டின் தடிமனை அளந்து, அதே அளவில் புதிது வாங்கி மாட்ட வேண்டியதுதான்.

பேட்டரி மூடியின் ஸ்க்ரூவை மட்டும் ரொம்ப முறுக்காதீர்கள். பிளாஸ்டிக் மரை, போனால் போனதுதான்.